பெயரில்லாமலும் ஆள் தெரியும் ஊர்

கிழக்கிலங்கையின் மருதமுனையில் ஒருவரின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வீடு தேடிப் போனால் வெயிலில் நின்று காய வேண்டியதுதான். ஒரே பெயரில் ஒரே ஒழுங்கைக்குள் பலர் இருப்பார்கள். தறி போட்டிருக்கிற வீடு, சவூதியால் வந்து சாரன் கடை போட்டவரின் வீடு, இளைய மகளுக்கு மேல்மாடி கட்டுகிற வீடு என்று கேட்டுப் பாருங்கள், கூட வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கும் இதே கதைதான். முன்னால் உள்ள கடைக்காரருக்கு இன்று வரைக்கும் என் பெயர் தெரியாது. லப்டொப்பும் கையுமாகத் திரிகிற மகள் என்றால் தெரியும்.

நான் செய்கிற வேலைக்குப் பயனர் அனுபவ ஆய்வு என்று பெயர். ஒரு செயலியைச் செய்வதற்கு முன்னால், அதைப் பாவிக்கப் போகிறவர்களின் வீட்டுக்குப் போய், அவர்களோடு இருந்து கதைத்து, எது சுகம், எது தொல்லை என்று அறிந்து வந்து செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போய்த் தேத்தண்ணி குடிக்கிறதுக்கா சம்பளம் என்று என் மதினி கேட்பாள். ஓம், அதற்குத்தான் சம்பளம். தேத்தண்ணி குடிக்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் உண்மையைக் கதைக்க மாட்டார்கள்.

கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். எங்கள் குழுத் தலைவர் என்னை விட வயதில் இளையவர், கெட்டிக்காரர். நல்ல நாட்களில் மரியாதையாக அவரைச் சேர் என்பேன். கோபம் வந்தால் தம்பி என்பேன். நான் தம்பி என்று தொடங்கினாலே அவர் கதிரையில் நிமிர்ந்து உட்காருவார்.

கல்முனையில் உள்ள ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்காக, சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசி போடுகிற எவரும் பாவிக்கக்கூடிய ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். ஊசி போடும் நேரத்தை அது ஞாபகப்படுத்தும், சீனியின் அளவைக் குறித்து வைக்கும். பாண்டிருப்பு தொடக்கம் அக்கரைப்பற்று வரைக்கும் போய், வருத்தக்காரர்களிடம் கதைத்துப் பதிவு செய்துகொண்டு வந்தேன்.

செயற்கை நுண்ணறிவு வந்தபோது என் வேலை போய்விடும் என்று குடும்பமே கவலைப்பட்டது. நான் கவலைப்படவில்லை. முதல் ஆளாக அதைப் பழகிக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பேச்சை எழுத்தாக்கச் சொன்னால் அது படுகிற பாட்டைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அதனால் பதிவைக் கேட்டு எழுதுவது நான். எழுதியதை ஒப்பிட்டுப் பார்ப்பதும் சுருக்குவதும் அது. அதில் அது சூரன்தான். விருந்தாளி வந்த நாட்களில்தான் ஆட்களுக்கு ஊசி தவறுகிறது என்று முதலில் காட்டியது அதுதான். நான் ஒவ்வொரு வீட்டிலும் அதைக் கேட்டிருந்தேன், ஆனால் சேர்த்துப் பார்க்கவில்லை. திரும்பவும் பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். சரியாகத்தான் இருந்தது. மெச்சினேன். மெச்ச வேண்டியதை மெச்சுவதில் எனக்கு ஒரு கஞ்சத்தனமும் இல்லை.

ஒரே ஒரு முறை, வீடு வீடாகப் போகாமல் செயற்கை நுண்ணறிவையே வருத்தக்காரர் மாதிரிக் கதைக்க வைத்துப் பேட்டி எடுக்கலாமே என்று தலைவர் கேட்டார். "தம்பி, அதுக்குச் சீனி ஏறுமா, இறங்குமா?" என்றேன். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

இனி ஒரு பிள்ளையின் கதைக்கு வருகிறேன், ஆள் விளங்காமல் அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். மருதமுனையில் ஒரு வீடு. வயது இருபதுகளின் நடுவில். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். சின்ன வயதிலேயே சீனி வருத்தம் வந்து, அன்று தொடக்கம் ஊசிதான். பதிவுக் கருவியை மேசையில் வைத்ததும், என்னை அக்கா முறை வைத்து ராத்தா என்று கூப்பிட்டு அவள் முதலில் கேட்டது இதைத்தான்.

"ராத்தா, இத எங்க கொண்டுபோய்ப் போடுவீங்க?"

"நான் கேட்டு எழுதுவன். எழுதினத்த மட்டும் மிஷினுக்குக் குடுப்பன். அது எங்கட கம்பனிக்குள்ளேயே இரிக்கிற. ஒங்களுக்கு விருப்பமில்லாட்டி அதையும் குடுக்க மாட்டன்."

"மிஷினுக்குத் தெரிஞ்சாப் பரவால்ல. மாமிமாருக்குத் தெரியக்கூடா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகுதான் விஷயம் வந்தது. அவளுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு வருத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நிக்காஹ் முடியும் வரைக்கும் வாய் திறக்கக்கூடாது என்பது உம்மாவின் கட்டளை. மாப்பிள்ளையின் மூத்த சகோதரி நாங்கள் செயலி செய்து கொடுக்கிற அதே மருத்துவ நிலையத்தில் மருந்து கொடுக்கிற இடத்தில் வேலை. அந்தப் பயத்தில் இவள் கல்முனையில் மருந்து எடுப்பதில்லை. பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய் எடுத்து வருகிறாள்.

"அப்ப ஏன் எனக்குச் சொல்றீங்க?" என்று கேட்டேன். அவளுக்காகத்தான் கேட்டேன்.

"நானும் அந்தச் செயலியப் பாவிக்கப் போறவதானே. ஆக்கள் இரிக்கக்குள்ள கிணிங் கிணிங் எண்டு அடிச்சி, இன்சுலின் போடுங்க எண்டு போன்ல எழுதிக் காட்டினா என்ட கதை முடிஞ்சி. சத்தமில்லாம ஒண்டு செஞ்சி தாங்க." விரலால் மேலே காட்டினாள். "மாப்பிள்ள இஞ்சதான் வந்து இரிக்கப் போறார். மேல்மாடி அதுக்குத்தான் கட்டுற. ஒரே வீட்டுக்குள்ள இரிந்துகொண்டு எத்தின நாளைக்கி ஒழிக்கிற? அவருக்கு நான் சொல்லுவன் ராத்தா. என்ட வாயால சொல்லுவன். வேற ஆள் சொல்லி அவர் அறியக்கூடா. அது ஒண்டுதான் எனக்கு வேணும்."

"ஊருக்குள்ள ஒருத்தருக்கும் நீங்க எண்டு விளங்காம வெக்கிறது என்ட பொறுப்பு" என்றேன். அந்த வாக்கைக் கொடுக்கும்போது எனக்குத் தயக்கம் எதுவும் இருக்கவில்லை. அதைக் காப்பாற்ற எனக்குத் தெரியும்.

ஆய்வின் முடிவுகளை மருத்துவ நிலையத்தில் காட்டுகிற நாள் நெருங்கியது. கொழும்பில் தலைவர் நான் எழுதியவற்றை எல்லாம் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்குக் கொடுத்து, திரையில் காட்டும் பக்கங்களைத் தானே செய்துவிட்டு அனுப்பினார். எனக்கு வேலையைக் குறைக்கிறாராம். திறந்து பார்த்தேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு முழுப் பக்கம். முக்காடு போட்ட ஒரு பெண்ணின் படத்தையும் அதுவே வரைந்து வைத்திருந்தது. பக்கத்தில் அவள் கதை: மருதமுனை, நெசவுக் குடும்பம், வெளிநாட்டிலிருந்து திரும்பிக் கடை வைத்த தந்தை, கட்டி முடியாத மேல்மாடி, பாலர் பாடசாலை ஆசிரியை, மருந்துக்கு மட்டக்களப்பு, திருமணப் பேச்சு. கீழே கருவியின் குறிப்பு: பெயர்கள் எதுவும் இல்லை, பகிரலாம்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. அந்த நிமிஷமே கொழும்புக்கு அழைத்தேன்.

"தம்பி, இந்தப் பக்கத்த அழிங்க."

"ஏன்? நல்லா வந்திருக்கு தானே. பேர்கூட இல்லையே."

"அவட பேர் ஆருக்கு வேணும்? நீங்க அவட வீட்டு வாசலுக்கு வழி சொல்லி வெச்சிரிக்கீங்க."

"ஒரு பெரிய ஊர்ல இதை வெச்சு ஒருத்தரைக் கண்டுபிடிக்க ஏலுமா? கொஞ்சம் கூட்டிச் சொல்றீங்க போல."

கூட்டிச் சொல்கிறேனாம். சண்டை பிடித்தால் என் கோபம்தான் அவருக்கு ஞாபகம் இருக்கும், காரணம் மறந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு சோதனை வைத்தேன். அந்தப் பிள்ளையின் கதையை ஊரில் யாருக்கும் காட்டிச் சோதிக்க முடியாது. ஆனால் ஆய்வு தொடங்குவதற்கு முன்னால், கேள்விகள் சரியா என்று பார்க்க என்னையே ஒருவர் பேட்டி எடுத்திருந்தார். எனக்கும் சீனி கரைவரைக்கும் வந்து நிற்கிறது. அந்தப் பேட்டியைக் கருவிக்குக் கொடுத்தேன். அதுவும் சுருக்கி, பெயர்களை நீக்கி, பகிரலாம் என்று சான்றிதழ் தந்தது. என்னுடையதை யாருக்குக் காட்டவும் எனக்கு உரிமை இருக்கிறது. அக்கரைப்பற்றில் இருக்கிற என் மதினியைத் தலைவரோடு சேர்த்து ஒரே அழைப்பில் எடுத்து, அந்தப் பக்கத்தை அவளுக்கு அனுப்பினேன். யாருடைய கதை என்று ஒன்றும் சொல்லவில்லை.

மதினி சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். இரண்டு வரி தாண்டவில்லை.

"முத்தத்தில ஜம்பு மரம், வாப்பா மீன் ஏலம் கூறினவர், மூத்த மகள் வீட்டிலிருந்தே வேல. இது நீதானேகா?"

தலைவர் சிரித்தார். மதினி சிரிக்கவில்லை. அவள் கீழே வாசித்துக்கொண்டு போனாள்.

"நோன்பு இருவத்தேழுக்கு எங்கட வீட்ட வந்து, எனக்கு இனிப்பு ஏலா, டயட் எண்டு கையக் கழுவிக்கொண்டு எழும்பின. இஞ்ச என்ன இரிக்கி? குசினிக்குள்ள நிண்டு வட்டிலப்பம் திண்டதாமே. ஆருக்குக் காது குத்துறா?"

"மதினி, அது ஆராய்ச்சிக்காகச் சொன்னது."

"வா இஞ்சால, நான் ஒனக்கு ஆராய்ச்சி செய்றன்."

தலைவர் கமராவை மூடிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார். மதினி போனதும் அவர் குரல் மாறியிருந்தது. "விளங்குது. எனக்கு இது தெரியாது. இனி என்ன செய்வோம்?" என்று கேட்டார். கேட்கத் தெரிந்த ஆள். அதனால்தான் அவரோடு இவ்வளவு காலம் வேலை செய்ய முடிகிறது.

என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருந்தது. ஒருவரின் கதை வெளியே போவதற்கு முன்னால் அவரே அதைப் பார்க்க வேண்டும், ஊர் தெரிந்த ஒருவர் கையால் அது துப்புரவாக வேண்டும், கருவி தரும் சான்றிதழ் போதாது. இன்னொன்றும் இருந்தது. அந்தப் பக்கத்தில், வெட்கத்தால் நோயை மறைக்கிறார் என்று ஒரு வசனம். பதிவை முதலிலிருந்து போட்டுக் கேட்டேன். வெட்கம் என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. அவள் சிரிப்பு எழுத்தில் இல்லை, அதனால் கருவி தனக்குத் தெரிந்த ஒரு காரணத்தை வைத்து இடைவெளியை அடைத்திருக்கிறது. ஆட்களும் இந்த வேலையைச் செய்கிறவர்கள்தான். ஆனால் ஆள் சொன்னால் எதிர்த்துக் கேட்போம். கருவி அழகாக அச்சடித்துத் தந்தால் தலையாட்டிவிடுகிறோம்.

நானே உட்கார்ந்து, அடையாளம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். எழுதியதை எடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போனேன். அவள் உம்மா கீழே விருந்தாளிகளோடு இருந்தார். நாங்கள் மேல்மாடியில், சீமெந்துப் பைகளுக்கு நடுவில் இரண்டு கதிரை போட்டு இருந்தோம். முதலில் நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் காட்டும் பக்கம் ஒன்று செய்யப்பட்டது, கொழும்பைத் தாண்டவில்லை, அழித்தாகிவிட்டது என்றேன். அவள் முகம் வெளிறியது. பிறகு நான் எழுதியதை வாங்கி வாசித்தாள்.

"இது ஆரு?"

"நீங்கதான்."

"நானா? இப்பிடி ஒருத்திய நான் காணவே இல்லயே."

"அதுக்குத்தானே புள்ள, இப்பிடி எழுதின."

"அது சரி ராத்தா. ஆனா நான் சொன்ன ஒண்டையும் காணல்லயே. கிழக்கில் ஒரு பெண், ஊசி போடுகிறார். இதுக்காகவா அண்டைக்கி நான் இவ்வளவு நேரம் கதைச்ச?"

எனக்குச் சுருக்கென்றது. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று அவளையே துடைத்து எடுத்திருக்கிறேன். பேனையை அவள் கையில் கொடுத்தேன். வரி வரியாகப் பார்த்தோம். வீடு வேண்டாம். தறி, பாலர் பாடசாலை, மட்டக்களப்பு, கலியாணம், எதுவும் வேண்டாம். வயதைக்கூட எடுத்துவிட்டு, வளர்ந்த பிள்ளை என்று மட்டும் போட்டாள். பிறகு, அன்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போன ஒன்றை அவளே தன் கையால் எழுதினாள். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் பாத்ரூமுக்குள் போய், வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் இருந்துகொண்டுதான் ஊசி போடுவேன்.

"இது ஒங்களக் காட்டிக் குடுக்காதா?" என்றேன்.

"வாளி இல்லாத பாத்ரூம் எங்க ராத்தா இரிக்கி? இது இரிக்கட்டும். என்னப் போல புள்ளயள் வாசிச்சா தங்களத்தான் எண்டு நெனைக்கும்."

அந்த வசனத்தை அப்படியே வைத்தேன். அவள் கேட்டது போலவே செயலியையும் மாற்றச் சொன்னேன். சத்தம் வராது, கையில் மெல்ல அதிரும், திரையில் மருந்தின் பெயர் வராது.

மருத்துவ நிலையத்தின் மேல் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. டொக்டர்மார், தாதிமார், பதிவு மேசைக்காரர்கள், எல்லோரும் ரோல்ஸும் தேத்தண்ணியுமாக இருந்தார்கள். மருந்து கொடுக்கிற இடத்துப் பெண்மணி, மாப்பிள்ளையின் சகோதரி, இரண்டாவது வரிசையில். அவரைத் தெரியாதது போல் நடந்துகொண்டேன். வாளி வசனம் திரையில் வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். அவர் வாசித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் அவர் நிமிரவே இல்லை. அடையாளம் கண்டுவிட்டாரோ என்று பயந்தேன். ஆனாலும் குரல் தடுமாறாமல் முழுவதையும் சொல்லி முடித்தேன்.

எல்லோரும் எழும்பிப் போனதும் நான் வயரைச் சுற்றிக்கொண்டு நின்றேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த வாளிக் கதை சொன்ன புள்ள..."

"ஆரெண்டு எனக்குச் சொல்ல ஏலா" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது.

"ஆரெண்டு நான் கேக்கல்ல." கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "என்ட மகளும் அப்பிடித்தான் வாளியக் கவுத்துப் போட்டுக்கொண்டு இரிக்கிற. சின்னப் புள்ள. வருத்தத்த இப்பதான் கண்டுபிடிச்ச. எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் தெரியா. என்ட தம்பிக்குக்கூடச் சொல்லல்ல. நாளைக்கி அவக்கு ஒரு கலியாணம் காச்சி எண்டு வந்தா ஆர் முடிப்பாங்க எண்டு ஒழிச்சி வெச்சிரிக்கன்."

கையிலிருந்த வயரை நான் திரும்பத் திரும்பச் சுற்றினேன்.

"அந்தப் புள்ள வளந்த புள்ள எண்டு போட்டிரிந்திச்சி. உண்மையா?"

"ஓம்."

"நல்லா இரிக்காவா?"

"நல்லா இரிக்கா. மாஷா அல்லாஹ், நல்லா இரிக்கா."

"அவக்குக் கலியாணம் ஏதும்..."

"அது எனக்குச் சொல்ல ஏலா ராத்தா."

அவர் தலையில் போட்டிருந்த சோலின் நுனியால் கண்ணைத் துடைத்தார். "அவ நல்லா இரிக்கா எண்டதே காணும் எனக்கு" என்று சொல்லிவிட்டு மருந்து கொடுக்கக் கீழே இறங்கிப் போனார். அந்த ஒரு நிமிஷம் என் வாயை மூடிக்கொண்டு நிற்க நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஒரு சொல் போதும், இரண்டு வீட்டுக் கதவும் திறந்துவிடும். ஆனால் ஒரு சொல் அந்தப் பிள்ளையினுடையது, மற்றது இவருடையது. இரண்டில் ஒன்றும் என்னுடையது இல்லை.

அன்று பின்னேரமே அந்தப் பிள்ளை அழைத்தாள்.

"ராத்தா, ஆராவது கண்டுபிடிச்சாங்களா?"

"இல்ல. ஒருத்தரும் கண்டுபிடிக்கல்ல."

"மாப்பிள்ளட ராத்தா?"

"அவவும் கண்டுபிடிக்கல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்." நீளமாக மூச்சு விட்டாள். "வெள்ளிக்கிழம அவர் வாறார். நான் சொல்லப் போறன். உம்மா என்னை ஏசினாலும் பரவால்ல. ஆனாப் பயமா இரிக்கி ராத்தா. அவங்கட குடும்பத்தில இப்பிடி வருத்தக்காரர் ஒருத்தருமே இல்லயாம். அவங்களுக்கு இது விளங்குமா?"

போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லுங்க புள்ள" என்றேன். "ஒங்கட வாயாலயே சொல்லுங்க."